அறிவியல் கேள்வி - பதில்

கேள்வி: அணுக்கருவைத் தொட்டதுமே எதிர்ப்புரோட்டான் அழிந்துவிடும் என்று படித்தேன். அழிந்துபோகிற ஒன்றை வைத்து அணுக்கருவை எப்படி ஆராய்கிறார்கள்?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: அது எங்கே, எதோடு சேர்ந்து அழிகிறது என்பதுதான் ஆராய்ச்சியே.

எதிர்ப்புரோட்டான் என்பது புரோட்டானின் எதிர்த்துகள்; அதன் மின்னூட்டம் எதிர்மறை. மெதுவாக வரும் எதிர்ப்புரோட்டானை அணு பிடித்துக்கொள்ளும். அது எலக்ட்ரான் போலக் கருவைச் சுற்றத் தொடங்கும். எலக்ட்ரானைவிடச் சுமார் 1,836 மடங்கு கனம் என்பதால் கருவுக்கு மிக அருகில் சுற்றும். எக்ஸ் கதிர்களை உமிழ்ந்தபடி படிப்படியாக இறங்கி, விளிம்பில் எதிர்ப்படும் புரோட்டானோடோ நியூட்ரானோடோ சேர்ந்து அழியும். நடுப்பகுதி வரைக்கும் அது போவதே இல்லை.

சரி, எதோடு அழிந்தது என்று எப்படித் தெரியும்? அழியும்போது பையான் எனப்படும் சிறு துகள்கள் சராசரியாக ஐந்து தெறிக்கின்றன. அவற்றின் மின்னூட்டத்தைக் கூட்ட வேண்டும். இரண்டு எதிர் பையான், ஒரு நேர் பையான், மின்னூட்டமே இல்லாதவை இரண்டு என்று வந்தால் கூட்டுத்தொகை −1. அப்படியானால் விளிம்பில் நின்றது நியூட்ரான். 0 வந்தால் புரோட்டான். சில பையான்களைக் கருவே விழுங்கிவிடும் என்பதால் ஒரே ஓர் அழிவை நம்பி முடிவுக்கு வர முடியாது; ஏராளமாக எண்ண வேண்டும்.

விளிம்பில் நிற்பது எது என்று ஏன் தேட வேண்டும்? நான் பள்ளியில் பாடம் நடத்தியபோது சிவப்பு, வெள்ளைச் சாக்பீஸால் எல்லாம் கலந்த ஓர் உருண்டையாகத்தான் கருவை வரைவேன். லித்தியம்-11 என்ற கரு அந்தப் படத்துக்குள் அடங்காது. 3 புரோட்டானும் 6 நியூட்ரானும் நடுவில் சேர்ந்திருக்க, மீதி 2 நியூட்ரான்கள் வெகுதூரம் தள்ளித் திரிகின்றன. ஜப்பானிய இயற்பியலாளர் தனிஹாட்டாவின் குழு 1985-இல் வெளியிட்ட அளவீடு இதற்கு வழிகாட்டியது. அதைப் படித்த பிறகு அந்தப் பழைய படத்தை வரைய எனக்கு மனமே வரவில்லை.

ஆனால் லித்தியம்-11-இன் அரை ஆயுள், அதாவது பாதிக் கருக்கள் சிதைய ஆகும் நேரம், 9 மில்லிவிநாடிகூட இல்லை. அதை எங்கும் எடுத்துப் போக முடியாது. அதனால் இப்படிப்பட்ட அற்பாயுள் கருக்கள் உருவாகிற இடத்துக்கே எதிர்ப்புரோட்டான்களைக் கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் 'பூமா' திட்டம் அதுதான். தலைவர் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அலெக்சாந்த்ர் ஓபர்டெல்லி. இலக்கு 100 கோடி எதிர்ப்புரோட்டான்கள். பாத்திரத்தின் சுவரில் பட்டாலே அழிந்துவிடும் என்பதால், சுமார் −269 டிகிரி செல்சியஸ் குளிரில், காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தில், காந்தப்புலமும் மின்புலமும் அவற்றை அந்தரத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். இப்படி அவற்றை அடைத்து வைக்கும் கருவிக்குப் பொறி என்று பெயர். அந்தப் பொறியை அப்படியே வண்டியில் ஏற்றி, அதே வளாகத்தில் அற்பாயுள் கருக்களை உருவாக்கும் ஐசோல்டே கூடத்துக்குக் கொண்டுபோவார்கள்.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். 2024 அக்டோபரில் செர்னின் இன்னொரு குழு, ஒத்திகையாக 70 சாதாரணப் புரோட்டான்களைப் பொறியில் அடைத்து, லாரியில் ஏற்றி வளாகத்தைச் சுற்றி வந்தது. ஒன்றுகூடத் தொலையவில்லை.