பாலம் எங்கே உடைந்தது?

கேள்வி: அரசுப் பள்ளிகளில் அறிவியலைச் செய்து பார்க்கும் வானவில் மன்ற வகுப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காகிதப் பாலம் செய்யக் கொடுத்தேன். பாலம் சரிந்ததும் ஒரு பெண் அழுதுவிட்டாள். மனசு கேட்காமல் நானே மடித்துக் கொடுத்தேன். தவறா? — ஓர் ஆசிரியை, துறையூர்

பதில்: தவறு என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, டீச்சர். இயற்பியல் நடத்திய காலம் முழுக்க நானும் அதைத்தான் செய்தேன். ஓய்வு பெற்றபின் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போன இடத்தில்தான் புத்தி வந்தது.

ஆசிரியர்களுக்கும் இதே பாலத்தைத்தான் கொடுத்தேன். ஒரு ஏ4 தாள், ஒரு ஜாண் இடைவெளியில் இரண்டு புத்தக அடுக்குகள், மேலே அடுக்க ஒரு ரூபாய் நாணயங்கள். எப்படி மடிப்பது என்று சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் அந்த அறை ஏழாம் வகுப்பாகிவிட்டது. ஒருவர் பக்கத்து மேஜையை எட்டிப் பார்த்தார். இன்னொருவர் மேஜைக்கு அடியில் செல்போனைத் திறந்தார். தலைமை ஆசிரியர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் இரண்டாவது தாளைச் சேர்த்துக்கொண்டார். சரிந்ததும், "பேப்பர் மட்டம் சார்" என்றார்! சுவரில் 'தோல்வியே வெற்றியின் முதல் படி' என்று எழுதி வைத்துவிட்டு, ரெக்கார்ட் நோட்டில் ஓர் அடித்தல் இருந்தால் பக்கத்தையே திருப்பி எழுத வைக்கிறவர்கள் அல்லவா நாம்.

சரி, பாலத்துக்கு வருவோம். தட்டையான தாள் கொஞ்சம் நாணயத்துக்கே தொய்ந்துவிடும். விசிறி மாதிரி மடித்தால் மடிப்பின் உயரம் வளைவைத் தடுக்கும், நிறைய தாங்கும். நீங்கள் கொடுத்தது இந்த விடையைத்தான். ஆனால் பாரம் ஏற ஏற, மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்து தாள் மறுபடி தட்டையாகும். இந்த இரண்டாவது சரிவைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குத்தான், அடியில் ஒரு பட்டையை ஒட்டி மடிப்புகளை விரியாமல் பிடித்து வைக்கலாமே என்று தோன்றும். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை பொறுத்திருக்கலாம்.

அடுத்த முறை கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். 'ஏன் உடைஞ்சுது?' என்று கேட்டால் திட்டுகிற மாதிரி இருக்கும். 'எந்த இடம் முதல்ல வளைஞ்சுது?' என்று கேளுங்கள், குனிந்து பார்ப்பார்கள். சரிந்த பாலத்தைக் குப்பையில் போட விடாதீர்கள். அடுத்த பாலத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நாலை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முக்கியமாக, நேரம். நாற்பது நிமிட பிரீயடில் முதல் பாலம் பதினைந்தாவது நிமிடத்துக்குள் உடைந்தாக வேண்டும். உடைந்ததும் மணி அடித்தால் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போவது அழுகையை மட்டும்தான். பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகம் 2003-இல் தொடக்கப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய பொறியியல் பாடத்திட்டத்தில் ஐந்து படிகள்: கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து. நாம் நாலாவதில் மணி அடித்துவிடுகிறோம்.

ஒன்று மட்டும். கத்தரிக்கோல் மொக்கை, பசை காயவில்லை என்பதால் உடைந்தால் அதில் கற்க ஒன்றுமில்லை. அங்கே தாராளமாக ஓடிப் போய் உதவுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல தோல்விக் கதை? — பயிற்சி ஆசிரியர், கரூர்

பதில்: செயற்கைக்கோள் ஏவ இந்தியா செய்த முதல் ராக்கெட், எஸ்.எல்.வி.-3 போதும். ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். 1979 ஆகஸ்ட் 10-இல் ராக்கெட் கடலில் விழுந்தது, திட்ட இயக்குநர் அப்துல் கலாம் கலங்கினார், அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்களிடம் பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்பதோடு மேடைகளில் நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த வால்வு. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு வழியே நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்துபோனது, ராக்கெட்டைத் திருப்ப வழியில்லாமல் போனது. எந்த இடம் என்று தேடிப் பிடித்தார்கள். 1980 ஜூலை 18-இல் அடுத்த எஸ்.எல்.வி.-3-இல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனது.

கேள்வி: அறிவியல் கண்காட்சிக்கு என் மகனின் மாடலை நானே செய்து தரலாமா? — ஓர் அப்பா, மதுரை

பதில்: தாராளமாக. பெயர்ச் சீட்டில் உங்கள் பெயரையும் வகுப்பையும் எழுத மறக்காதீர்கள்.