சீன பஃபேயில் அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: ஸ்காபரோவில் வசிக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு பேராக ஒரு நல்ல சீன பஃபேக்குப் போக நினைக்கிறோம். சென்ற முறை போன இடத்தில் பீட்சாவும், சிவப்புச் சாறு ஊற்றிய கோழி உருண்டையும்தான் நிறைந்திருந்தன. சீனர்களே விரும்பிச் சாப்பிடும் பஃபே ரொறன்ரோவில் உண்டா? எப்படித் தேடுவது? அம்மா சைவம். மாட்டிறைச்சி எங்களில் யாரும் சாப்பிடுவதில்லை.

பதில்: உண்டு. ஆனால் "பஃபே" என்ற பெயர்ப்பலகையை நம்பித் தேடினால் அது அகப்படாது.

நீங்கள் பார்த்த கோழி உருண்டை, கனடாவுக்கு வந்த சீனச் சமையற்காரர்கள் இங்குள்ள நாக்குக்காக உருவாக்கியது. நம் ஊர் சீனக் கடைகளின் டெவில் கோழியும், கொல்கத்தாவிலிருந்து வந்த ஹக்கா சீனர்கள் ஸ்காபரோவில் நடத்தும் கடைகளின் மஞ்சூரியனும் அதே போலத்தான். அவை மட்டமான உணவு என்று நான் சொல்லவில்லை. ஹக்கா மிளகாய்க் கோழியை நான் ஆசையாகச் சாப்பிடுவேன். நீங்கள் தேடுவது அதுவல்ல, அவ்வளவுதான்.

சீன விருந்து என்பது வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் வரும் தட்டுகளைப் பகிர்ந்து உண்பது. நீள மேசையில் ஐம்பது தட்டுகளை அடுக்கி வைப்பது அந்த மரபில் இல்லை. இதற்கு ஒரு சமையற் காரணமும் இருக்கிறது. தென்சீனாவின் கன்டோனியச் சமையலில் "வொக் ஹே" என்று ஒன்றைச் சொல்வார்கள். கடும் தீயில், இரும்புச் சட்டியில், சில நிமிடங்களில் வதக்கி எடுக்கும்போது எழும் புகைமணம் அது. கல்லிலிருந்து எடுத்த தோசையை மூடிய பாத்திரத்தில் அரை மணி நேரம் வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் வதக்கிய நூடுல்ஸுக்கும் கீரைக்கும் சூட்டுத் தட்டில் நடக்கிறது. சமையற்காரர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

அதனால் எந்த உணவு காத்திருப்பைத் தாங்கும் என்று பாருங்கள். சோயாவில் நெடுநேரம் வெந்த இறைச்சி, எலும்புச் சூப், கூரையிலிருந்து தொங்கும் வாத்து வறுவல், அரிசிக் கஞ்சி ஆகியவை தாங்கும். (சீனக் கஞ்சியை ஆங்கிலத்தில் "காஞ்சீ" என்கிறார்களே, அந்தச் சொல் நம் "கஞ்சி"யிலிருந்து போனதுதான். அப்பாவிடம் சொல்லுங்கள், மகிழ்வார்.) தாங்காதவற்றை உடனுக்குடன் சமைத்துத் தரும் இடம் வேண்டும். ரொறன்ரோவில் அப்படிப்பட்ட இடங்கள் இரண்டு வகை.

முதலாவது, மேசையில் உட்கார்ந்தபடியே தாளில் குறித்துக்கொடுத்து, ஒரே விலைக்கு வேண்டிய அளவு வரவழைக்கும் முறை. மாண்டரின் மொழியில் இதை "ஃபாங்-தீ" என்பார்கள். ஜப்பானிய மொழியிலிருந்து வந்த வழக்கு. ஒவ்வொரு தட்டும் அடுப்பிலிருந்து நேரே வரும். இரண்டாவது, ஹாட்பாட். கொதிக்கும் சாறு மேசையில் இருக்கும். மெல்லியதாகச் சீவிய இறைச்சி, மீன் உருண்டை, காளான், தாமரைக் கிழங்கு, கீரை எல்லாவற்றையும் நீங்களே அதில் வேகவைத்துக்கொள்ள வேண்டும். சூட்டுத் தட்டு என்பதே இல்லாததால் பழையது, ஆறியது என்ற பேச்சுக்கு இடமில்லை. உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான். ஆளுக்கொரு சட்டி வைக்கும் கடையாகப் பார்த்தால் அம்மாவின் சட்டி அம்மாவுக்கு மட்டும். பச்சை இறைச்சியைத் தொட ஒரு குச்சி, சாப்பிட வேறு குச்சி என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். "மாலா" என்றால் நாக்கு மரக்கும் சிச்சுவான் மிளகும் மிளகாயும் சேர்ந்த சாறு. நம் காரத்துக்குப் பழகியவர்களையும் முதல் தடவை அது திகைக்க வைக்கும்.

எங்கே தேடுவது? நகர மையத்தின் ஸ்பதைனா சைனாடவுன் பழைய இடம், ஆனால் நீங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 1997இல் ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில் அங்கிருந்து வந்த பெருந்திரளான குடும்பங்கள் ஏஜின்கோர்ட், மார்க்கம், ரிச்மண்ட் ஹில் பகுதிகளில் குடியேறின. நல்ல கன்டோனியச் சமையலும் அவர்களோடு வந்தது. பிறகு சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர்கள் சிச்சுவான், வடசீன உணவைக் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள், ஷெப்பர்ட், ஃபின்ச், ஸ்டீல்ஸ் தெருக்களில் மிட்லண்டுக்கும் கென்னடிக்கும் இடைப்பட்ட பிளாசாக்களிலும், மார்க்கத்தின் ஏழாம் நெடுஞ்சாலையிலும் தேடினால் போதும்.

கடைப் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. சமையற்காரர் மாறினால் ஆறே மாதத்தில் கடையின் தரம் மாறிவிடும். நேரில் போய்ப் பாருங்கள். ஒரு வாரநாள் மதியம் பன்னிரண்டரைக்குக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் போதும். பாட்டி, தாத்தா, பேரப்பிள்ளை என்று மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும் மேசைகள் இருக்கின்றனவா? கேட்காமலே தேநீர் வருகிறதா? அன்றைய உணவைச் சீன எழுத்தில் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அங்கே போகலாம்.

நீள மேசை பஃபேக்கே போவதானாலும் தட்டைக் கையில் எடுக்காமல் ஒரு சுற்று நடந்து வாருங்கள். தட்டுகள் சிறியவையாக இருந்து அடிக்கடி மாறினால் நல்லது. பெரிய தட்டில் பாதி கிடந்து காய்ந்தால் வேண்டாம். உணவு வகைகளின் எண்ணிக்கையில் மயங்காதீர்கள். சுஷி, பீட்சா, உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணிக்கையைப் பெருக்குகின்றன. இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வெந்த முழு மீன் இருந்தால் அந்தச் சமையலறை மேல் எனக்கு மதிப்பு வரும். மூங்கில் கூடையில் இறால் கொழுக்கட்டை, அதாவது ஹர் காவ், இருந்தால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தோல் கண்ணாடி போல உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும், தூக்கும்போது கிழியக்கூடாது. ஓரம் காய்ந்து விறைத்திருந்தால் அது நேரம் கடந்தது.

அம்மாவின் சைவம்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. "காய்கறி" என்று எழுதியிருக்கும் தட்டிலும் சிப்பிச் சாறு, கோழிச் சாறு, பன்றிக் கொழுப்பு இருக்கலாம். முள்ளங்கிக் கேக் என்று ஒன்று வரும். பார்த்தால் சைவம், உள்ளே பன்றித் தொத்திறைச்சியும் காய்ந்த இறாலும் இருக்கும். மாபோ டோஃபு என்ற காரமான சோயாக் கட்டிக் குழம்பில் பெரும்பாலும் கொத்திறைச்சி உண்டு, அது மாட்டிறைச்சியாகவும் இருக்கலாம். ஆகவே "சைவமா?" என்று மட்டும் கேட்காமல், சாறு எதில் காய்ச்சியது, சிப்பிச் சாறு சேர்த்ததா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஹாட்பாட்டில் காளான் சாறோ தக்காளிச் சாறோ கேட்கலாம். அவற்றிலும் அடிச்சாறு என்ன என்பதைக் கேட்டே ஆக வேண்டும். முழு நம்பிக்கை வேண்டுமென்றால் பௌத்த சைவ உணவகம் இருக்கிறது. அங்கே டோஃபுவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்யும் வாத்து வறுவலைப் பார்த்தால் அம்மா ஒரு கணம் தயங்குவார்.

சுத்தத்தைப் பற்றி: ரொறன்ரோ நகர எல்லைக்குள் ஒவ்வொரு உணவகமும் சுகாதாரப் பரிசோதனை முடிவை வாசலில் ஒட்ட வேண்டும். 2001இல் வந்த டைன்சேஃப் முறை இது. பச்சை என்றால் தேர்ச்சி, மஞ்சள் என்றால் நிபந்தனையோடு, சிவப்பு என்றால் மூடல். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்த உணவு 4 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டாலும் தட்டிலிருந்து ஆவி வருகிறதா, குளிர் இறாலுக்கு அடியில் பனிக்கட்டி இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம்.

பன்னிரண்டு பேர் என்பதால் ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் வட்ட மேசை கேளுங்கள். கூடவே, எவ்வளவு நேரம் உட்காரலாம் (ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரக் கட்டுப்பாடு சாதாரணம்), மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் உண்டா, முதியவர்களுக்கு விலை குறைவா, சனி ஞாயிறு விலை கூடுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடை மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் போகாதீர்கள். அப்போது தட்டுகளை நிரப்புவதை நிறுத்தியிருப்பார்கள். பிறந்தநாள் என்பதையும் சொல்லிவையுங்கள். நீண்ட ஆயுளுக்காகச் சீனர்கள் பிறந்தநாளில் நீளமான நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். ஒரு தட்டு தனியாகச் செய்து தர முடியுமா என்று கேளுங்கள். வந்ததும் அப்பாவுக்கு முதலில் பரிமாறுங்கள், கத்தரிக்காமல்.