வாக்கர்: வழி நடந்தவரா, துணி மிதித்தவரா?

கேள்வி: இங்கிலாந்தில் பணிபுரியும் என் மகள் அங்கேயே மணம் முடிக்கவிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் யார்க்‌ஷைர்க்காரர்கள். குடும்பப் பெயர் வாக்கர். ‘வாக்கர் குலச் சின்னமும் வரலாறும்’ என்று சட்டமிட்ட படம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. முன்னோர் அரச காடுகளைச் சுற்றிவந்த அதிகாரிகள் என்று அதில் எழுதியிருக்கிறது. சம்பந்தி வீட்டுக்குப் பரிசாக வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் என்பது ஒரு தனி மனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. 1484-ல் அரச சாசனம் பெற்ற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அமைப்புதான் இன்றும் அதை வழங்குகிறது. ஒரே பெயர் கொண்ட எல்லோருக்கும் பொதுவான சின்னம் கிடையாது. காட்டுக் காவலரையும் வாக்கர் என்று அழைத்ததுண்டு. ஆனால் இந்தக் குடும்பப் பெயர் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததல்ல. அது துணித் தொழிலின் பெயர். என்னைக் கேட்டால், காட்டதிகாரி கதையைவிட இதுதான் பெருமைக்குரியது.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி இழை விலகி, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, பல நாள் புளிக்கவைத்த சிறுநீரை ஊற்றுவார்கள். அதிலுள்ள அம்மோனியா பிசுக்கை அறுக்கும். உடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு மணிக்கணக்கில் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்கக் கம்பளி இழையின் நுண்செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, துணி சுருங்கித் தடித்துக் குளிர் தாங்கும் பதத்துக்கு வரும். நம் கடைகளில் முல்தானி மட்டி என்று விற்கிறார்களே, அந்த வகைக் களிமண்ணும் இதில் சேரும். பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்கன்’ என்றால் உருட்டுதல், புரட்டுதல். ‘நடத்தல்’ என்ற பொருள் பின்னால் நிலைபெற்றது. துணியை இப்படிப் பதப்படுத்தியவர் ‘வெயல்கெரெ’. அவர்தான் வாக்கர். பிற்பாடு நீரின் விசையால் இயங்கிய ஆலைகளின் சம்மட்டிகள் கால்களின் வேலையை எடுத்துக்கொண்டன. லீட்ஸுக்கு அருகே டெம்பிள் நியூசமில் அப்படியோர் ஆலை இருந்ததை 1185-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு பதிவு செய்திருக்கிறது. கால்கள் ஓய்ந்தன, பெயர் ஓயவில்லை.

இதே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள் உண்டு. வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் வாக்கர், டெவன், சாமர்செட் பக்கம் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர். எக்ஸிட்டர் நகரில் இன்றும் நிற்கும் டக்கர்ஸ் ஹால், 1471-ல் இத்தொழிலாளர்களின் சங்கம் தொடங்கிய கட்டடம். பெயரைச் சொன்னாலே மூதாதையின் வட்டாரத்தை ஓரளவு ஊகிக்கலாம். உங்கள் சம்பந்தி வீடு வடக்கிலுள்ள யார்க்‌ஷைர் என்பது இதற்கு இசைவாகவே இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கம்பளி நெய்த ஊருக்கு ஊர் ஒரு வாக்கர் இருந்தார். சுமார் 1250 முதல் 1400 வரை இத்தகைய தொழிற்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக உறைந்தபோது, ஒருவருக்கொருவர் உறவே இல்லாத பல வாக்கர் குடும்பங்கள் ஒரே சமயத்தில் உருவாயின. ஸ்காட்லாந்தில் அங்கே வழங்கும் கேலிக் (Gaelic) மொழியில் ‘துணி மிதிப்பவர் மகன்’ என்று பொருள்படும் பெயரும் வாக்கர் என்று மொழிபெயர்க்கப்பட்டது. அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கில் 5 லட்சத்துக்கும் அதிகமான வாக்கர்கள். பெயர்ப் பட்டியலில் 31-ஆம் இடம். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். அடிமை முறையின் நிழலில் அப்பெயரைப் பெற்றவர்களின் வழிவந்தோர் அவர்களில் ஏராளம். யார்க்‌ஷைர் தொட்டியோடு அவர்களுக்கு இரத்தத் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. எனவே பெயரின் வரலாறு வேறு, குடும்பத்தின் வரலாறு வேறு.

குடும்பத்தின் வரலாறு வேண்டுமென்றால் இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். மாப்பிள்ளையின் தாத்தா பிறந்த ஊரையும் ஆண்டையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1841 முதல் பெயர்வாரி விவரம் கிடைக்கிறது. 1921 வரை பார்வைக்குத் திறந்திருக்கிறது. 1931-ஆம் ஆண்டுப் படிவங்கள் தீயில் அழிந்துவிட்டதால் அதைத் தேடி அலைய வேண்டாம். 1837-க்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. 1538-ல் தொடங்கப்பட்ட அவை எல்லா ஊரிலும் முழுமையாகத் தப்பவில்லை.

பரிசுக்கு என் யோசனை: கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டியின் திருமணச் சான்றிதழ் நகல் ஒன்றைக் கட்டணம் செலுத்தி வாங்கி, அதைச் சட்டமிட்டுக் கொடுங்கள். மணமக்களின் பெயரும் தொழிலும், இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். ‘நெசவாலைத் தொழிலாளி’ என்று அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.