ஒரே துப்பறிவாளர், ஆறு குரல்கள்: எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது?

கேள்வி: அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் வந்த ‘யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்’ துப்பறியும் நாடகங்களை இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்து வருகிறேன். வன்தட்டில் 1,900 கோப்புகள் சேர்ந்துவிட்டன. ஒரே கதை மூன்று பெயர்களில் கிடக்கிறது. நாயகனின் குரல் கோப்புக்குக் கோப்பு மாறுகிறது. சிலவற்றில் எல்லோரும் கீச்சுக்குரலில் அவசரமாகப் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தவர் பாப் பெய்லி. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது? ‘முழுத் தொகுப்பு’ என்று விற்கும் டிவிடியை வாங்கினால் தொல்லை தீருமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வாங்காதீர்கள். இந்த நாடகம் 1949 பிப்ரவரி முதல் 1962 செப்டம்பர் 30 வரை, 800க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒலிபரப்பானது. அவற்றில் இன்று கிடைப்பவை 700க்குச் சற்று மேல். மற்றவற்றின் பதிவு எவரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. டிவிடிக்காரர் மட்டும் எங்கிருந்து தருவார்? பெரும்பாலும் உங்களிடம் இருக்கும் அதே கோப்புகள்தான் வட்டில் ஏறி, அழகான அட்டையோடு வீடு வந்து சேரும்.

அப்படியானால் உங்கள் 1,900இல் ஆயிரத்துக்கும் மேல் இரட்டைகள். பெயரை வைத்து அவற்றைப் பிரிக்கப் பார்த்ததுதான் சிக்கலுக்குக் காரணம். பல தலைப்புகளைச் சேகரிப்பாளர்கள் காதால் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் எழுத்துக்கூட்டல். போதாக்குறைக்கு, பழைய கதையையே பாத்திரங்களின் பெயரை மாற்றி, வேறு நாயகனை வைத்துப் பிற்பாடு மறுபடியும் நடித்திருக்கிறார்கள். அவை இரட்டைகள் அல்ல, தனித்தனி நாடகங்கள். ஆகவே ஒரு பகுதிக்கு அடையாளம் அதன் ஒலிபரப்புத் தேதிதான். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி முதலில் வரட்டும். நடிகர் பெயர் அடுத்து, தலைப்பு கடைசியில். 1955-10-03 என்று தொடங்கினால் கணினியே காலவரிசையில் அடுக்கிவிடும்.

தேதி தெரிந்தால் குரலும் தெரிந்துவிடும். முதலில் சார்லஸ் ரஸ்ஸல். ஓட்டல் சிப்பந்திகளுக்கு வெள்ளி டாலரைச் சுண்டி எறியும் ஜானி இவர்தான். 1950 தொடக்கத்திலிருந்து 1952 வரை திரைப்பட நடிகர் எட்மண்ட் ஓ’பிரையன், பிறகு 1954 வரை ஜான் லண்ட். ஓராண்டு இடைவெளிக்குப் பின், 1955 அக்டோபர் 3 அன்று உங்கள் பாப் பெய்லி வருகிறார். 1960 இறுதியில் தயாரிப்பு ஹாலிவுட்டிலிருந்து நியூயார்க்குக்கு மாறியபோது அவர் உடன் போகவில்லை. அங்கே பாப் ரெடிக், 1961 நடுவிலிருந்து மாண்டல் கிரேமர். இவர்களைத் தவிர, ஒலிபரப்பாகாத வெள்ளோட்டப் பதிவுகள் இரண்டு உண்டு: 1948இல் டிக் பவல், 1955இல் ஜெரால்ட் மோர். மோரின் பதிவு பெய்லியின் கோப்புறைக்குள் தவறிப் புகுந்து உட்கார்ந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

பெய்லி எனக்கும் பிடித்தவர்தான். கதை முழுவதும் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஜானி எழுதும் செலவுக் கணக்காகவே நகர்கிறது: ரயில் கட்டணம், ஓட்டல் வாடகை, ஒரு குவளை மது. மற்றவர்கள் அந்தக் கணக்கை வாசிக்கிறார்கள். பெய்லி ஒரு வாடகைக் கார் கட்டணத்தைச் சொல்லும்போதே ஆள் களைத்திருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்று நமக்குத் தெரிந்துவிடும். அவருடைய முதல் 13 மாதங்கள், 1956 நவம்பர் 2 வரை, வார நாள்களில் தினமும் கால் மணி நேரமாக வந்தன. பொதுவாக ஒரு கதைக்கு ஐந்து பகுதிகள். ஆனால் ‘கிரேன்ஸ்பர்க் மேட்டர்’ ஆறு, ‘ஃபாண்டம் சேஸ் மேட்டர்’ ஒன்பது. ஐந்தோடு எண்ணிக்கையை நிறுத்திவிட்டு மீதியை இரட்டை என்று அழித்துவிடாதீர்கள்.

கீச்சுக்குரல் விஷயத்துக்கு வருவோம். வட்டிலிருந்தோ நாடாவிலிருந்தோ படியெடுத்தபோது கருவியின் வேகம் பிசகியிருக்கிறது. அதிலிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று பிழையும் சேர்ந்தே பயணம் செய்திருக்கிறது. அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, யாரும் பேசாத இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து, அலைவரிசைப் பகுப்பாய்வைப் பாருங்கள். அமெரிக்க மின்சாரத்தின் ரீங்காரம் 60 ஹெர்ட்ஸில் ஒரு சிறு முகடாகத் தெரியும். அது 62.4இல் இருந்தால் ஓட்டம் 4 சதவீதம் வேகம் என்று பொருள். 29 நிமிடம் 30 விநாடி ஓட வேண்டிய நாடகம் 28 நிமிடம் 22 விநாடியில் முடிந்திருக்கும். வேகத்தை 60/62.4 என்ற விகிதத்தில் குறைத்தால் குரல் இறங்கி ஆள் ஆளாவார். ஒரு பொறி இருக்கிறது: ரீங்காரம் பின்னால் படியெடுத்த கருவியுடையதாகவும் இருக்கலாம். அதனால் அதே தேதியின் வேறொரு படியோடு ஒப்பிடாமல் வேகத்தில் கை வைக்காதீர்கள். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, திருத்தியதை ஒலியைத் தேய்க்காத ஃபிளாக் வடிவில் தனியாகச் சேமியுங்கள். எம்.பி.3யைத் திருத்தி மறுபடி எம்.பி.3யாகவே சேமித்தால் இருக்கும் ஒலியும் தேயும்.

கோப்பின் அளவைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்வதும் வீண். விநாடிக்கு 32 கிலோபிட் தரத்தில் இருந்த பழைய கோப்பை 128ஆக ஊதிப் பெருக்கியவை நிறையச் சுற்றுகின்றன. ஹெட்போனில் ‘ஸ்’, ‘ஷ்’ ஒலிகளைக் கவனியுங்கள். தண்ணீர் கொப்பளிப்பதுபோல் கேட்டால் அது ஊதியது. வட்டின் கீறல் ‘கிறுக் கிறுக்’ என்பது வேறு. அது பிழையே அல்ல, மூலத்துக்கு அருகில் இருப்பதன் அடையாளமாகக்கூட இருக்கலாம்.

இதில் நானே ஒருமுறை சூடுபட்டேன். இரைச்சல் மிகுந்த படி ஒன்றையும் துல்லியமான படி ஒன்றையும் வைத்திருந்து, முதலாவதை அழித்தேன். பல மாதம் கழித்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, துல்லியமானது அமெரிக்கப் படைவீரர்களுக்கான வானொலிப் படி என்று. அவர்கள் விளம்பரங்களை நீக்கிவிட்டு அந்த இடத்தை இசையால் நிரப்புவார்கள். என்னுடையதில் கடைசியில் நடிகர்கள் பெயரும் இல்லை. ஆகவே ஒவ்வொரு தேதிக்கும் முழுமையான படி ஒன்று, தெளிவான படி ஒன்று. இரண்டும் ஒரே கோப்பாக அமைந்தால் அதிர்ஷ்டம்.

இன்னொன்று. இவை உரிமைக்காலம் முடிந்தவை என்று பல தளங்களில் எழுதியிருக்கும். நம்பி யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகளையும் 2018இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது; சிலவற்றுக்கு அது 2067 பிப்ரவரி 15 வரை நீள்கிறது.

1,900ஐயும் ஒரே மூச்சில் தொடாதீர்கள். 1955 அக்டோபர் 3ஆம் தேதி வாரத்தை மட்டும் எடுங்கள்: பெய்லியின் முதல் கதையான ‘மக்கார்மக் மேட்டர்’, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பகுதிகள். உங்களிடம் இருக்கும் படிகள் அனைத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், எத்தனை விநாடி ஓடுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்; எது நீளம், எது அரைகுறை, எது வேகம் என்று அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.