கழிப்பதா, காத்திருப்பதா? வேலை நாய் இனவிருத்தி பற்றிக் கேள்வி பதில்

நாய்களோடு 26 வருடமாக இருக்கிறேன். முதலில் மந்தை நாய்கள், பிறகு இடிபாடுகளில் ஆளைத் தேடும் நாய்கள். சொந்தமாக 11 ஈற்று எடுத்திருக்கிறேன். வந்திருந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன: தேறாத நாயைக் கழித்துவிடுவதா, காத்திருந்து தேற்றுவதா? அதனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் பார்டர் கோலி குட்டிக்கு 5 மாதம். ஆடுகளைக் காட்டினால் புல்லை மோந்துவிட்டுத் திரும்பி வருகிறது. கூடப் பிறந்த குட்டி ஒன்று இப்போதே ஆட்டைப் பார்த்துப் பதுங்குகிறதாம். “இது தேறாது, மாற்றிக்கொள்ளுங்கள்” என்கிறார் கொடுத்தவர். மாற்றிவிடலாமா?

வேண்டாம். 5 மாதத்தில் எடுக்கிற முடிவே இல்லை இது. ஆட்டின் மேல் கண் விழுகிற வயது குட்டிக்குக் குட்டி மாறும். சிலவற்றுக்கு 5 மாதம், பலவற்றுக்கு 8, 10 மாதம், சிலவற்றுக்கு ஒரு வயதும் தாண்டும்.

என்னிடம் ஒரு பெட்டை இருந்தது. 11 மாதம் வரை ஆடுகளைக் கல்லையும் மரத்தையும் பார்ப்பதுபோலத்தான் பார்த்தது. ஒருநாள் பட்டியைத் திறந்துவிட்டபோது கடைசி ஆடு ஒன்று மட்டும் மந்தையை விட்டு விலகி ஓடியது. பெட்டையின் வால் இறங்கியது. தலை தோளுக்குக் கீழே போனது. தூக்கிய முன்காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டது. அன்று சாயங்காலமே யாரும் சொல்லாமல் அரைவட்டம் போட்டு மந்தையின் பின்பக்கம் போய் நின்றது. என் கையில் வளர்ந்த மந்தை நாய்களில் அதைவிட நல்லது இன்னொன்று இல்லை.

வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தே நிமிடம் காட்டுங்கள். கிடாவிடம் முட்டு வாங்க மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்றரை வயதிலும் புல்லையே மோந்துகொண்டிருந்தால் அப்போது பேசுவோம்.

கேள்வி: அண்ணா, பழைய ஆட்கள் “பத்தில் ஒன்றை வை, மீதியைக் கழி” என்கிறார்கள். புதிதாகப் பயிற்சி கொடுப்பவர்கள் “மோசமான நாய் என்று எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டும்” என்கிறார்கள். யார் சொல்வது சரி?

தம்பி, இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். இந்த நாயை வேலைக்குக் கொண்டுவர முடியுமா என்பது ஒரு கேள்வி. இந்த நாயிடமிருந்து குட்டி எடுக்கலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு எவ்வளவு பொறுமை காட்டினாலும் தகும். இரண்டாவதில் கண்டிப்பு குறைந்தால், அதன் விலையை நாம் கொடுக்க மாட்டோம், பிறக்கப்போகிற குட்டிகள் கொடுக்கும்.

சோவியத் ஒன்றியத்தில் திமித்ரி பெல்யாயெவ் 1959-ல் தொடங்கிய வெள்ளி நரிச் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனிதரிடம் பயமும் சீற்றமும் குறைந்த நரிகளை மட்டும் தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்தார்கள். ஆண்களில் நூற்றுக்கு 4, 5. பெண்களில் நூற்றுக்கு 20. அவ்வளவுதான் அடுத்த தலைமுறைக்குப் போயின. சில தலைமுறைகளிலேயே வாலாட்டிக்கொண்டு கையை நக்கும் நரிகள் பிறந்தன.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இதில் இருக்கிறது. அந்த நரிகளுக்குப் பழக்கம் எதுவும் கொடுக்கவில்லை. குட்டிகள் மனிதரோடு இருக்கும் நேரத்தைக்கூட அளந்துதான் கொடுத்தார்கள். பழக்கியிருந்தால், சாதுத்தனம் பிறப்பிலேயே வந்ததா, வளர்த்த கையால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போயிருக்கும்.

நம்மால் அப்படிச் செய்ய முடியாது. பழக்காத நாயிடம் வேலையைப் பார்க்கவே வழியில்லை. அதனால் பழக்கத்தான் வேண்டும், ஆனால் எவ்வளவு பழக்கினோம் என்ற கணக்கையும் எழுதி வைக்க வேண்டும். அதை எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு.

கேள்வி: 7 வாரத்தில் குட்டிகளைச் சோதித்துப் பார்த்து எது வேலைக்கு ஆகும் என்று சொல்கிறார்களே, நம்பலாமா?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இங்கே அவ்வளவாகச் செல்லாது. சுவீடனில் ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளை 8 வாரத்தில் சோதித்து, வளர்ந்த பிறகு அதே நாய்களை மறுபடி சோதித்து, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். குட்டியில் பார்த்ததை வைத்துப் பெரிய நாய் வேலைக்கு ஆகுமா என்று சொல்ல முடியவில்லை.

நானும் சோதிப்பேன், கழிப்பதற்காக இல்லை, எந்தக் குட்டியை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று தெரிந்துகொள்ள. குட்டிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகர மூடியைக் கீழே போடுவேன். எல்லாக் குட்டியும் திடுக்கிடும், அதில் தப்பில்லை. திடுக்கிட்ட பிறகு மூடியை மோந்து பார்க்கத் திரும்பி வர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவேன். மூன்றே விநாடியில் வருகிற குட்டி பரபரப்பான வீட்டுக்குப் போகும். மூலையிலேயே நின்றுவிடுகிற குட்டிக்கு நிதானமான ஆளாகப் பார்ப்பேன்.

கேள்வி: என் தேடுதல் நாய் 2 வயது வரை சத்தத்துக்கும் ஆட்டம் கொடுக்கும் தரைக்கும் பயப்பட்டது. ஒரு வருடம் விடாமல் உழைத்தேன். இப்போது தேர்வில் முதல் மதிப்பெண். இதைப் பொலிக்கு விடச் சொல்லி மூன்று பேர் கேட்கிறார்கள். விடலாமா?

உங்கள் உழைப்புக்கு முதலில் என் வணக்கம். அப்படி ஒரு நாயை நிமிர்த்துவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தயவுசெய்து பொலிக்கு விடாதீர்கள்.

இதே தப்பை நான் செய்திருக்கிறேன். என்னிடம் ஒரு கடுவன் இருந்தது. நல்ல மூக்கு, நல்ல உடம்பு. கம்பி வலை மேலோ தகரத்தின் மேலோ மட்டும் கால் வைக்காது. 7 மாதம் மல்லுக்கட்டினேன். முதலில் வலையைத் தரையில் விரித்து அதன் மேல் சோறு வைத்தேன். பிறகு ஒரு செங்கல் உயரம், பிறகு இரண்டு. கடைசியில் ஆடுகிற பலகையில்கூட ஓடியது. தேர்வில் தேறியது. ஊக்கத்தில் ஒரு ஈற்றும் எடுத்தேன். 6 குட்டிகள், 6 வீடு. 9, 10 மாதத்தில் நான்கு வீடுகளிலிருந்து ஒரே செய்தி வந்தது: வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, நகத்தைப் பதித்து, வலை மேல் ஏற மறுக்கிறது. அந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. தகப்பனுக்கு நான் கொடுத்த 7 மாதம் தகப்பனோடு நின்றுவிட்டது. குட்டிகளுக்குப் போனது நான் மூடி மறைத்த பயம் மட்டும்தான்.

அமெரிக்காவில் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் மனிதரைக் கண்டாலே விறைத்துப்போகும் பாயின்டர் (வேட்டை நாய் இனம்) வரிசை ஒன்றையும், சாதாரண பாயின்டர் வரிசை ஒன்றையும் பல தலைமுறை வளர்த்தார்கள். எவ்வளவு பழக்கியும் அந்தப் பயந்த வரிசை முழுதாகத் தெளியவில்லை. பயம் ரத்தத்தோடு வரும் என்பதற்கு அதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

ஆனால் எல்லாப் பயமும் அப்படி இல்லை. 1961-ல் வெளியான ஒரு சோதனையில் 14 வாரம் வரை மனிதர் கையே படாமல் வளர்ந்த குட்டிகள் அதற்குப் பிறகு மனிதரோடு சேரவே திணறின. அது ரத்தத்தின் கோளாறு இல்லை, வளர்ப்பின் கோளாறு. 3 முதல் 12 வாரம் வரை உள்ள காலத்தைக் கோட்டை விட்டால் நல்ல வம்சத்துக் குட்டியும் கெட்டுப்போகும்.

எது எதிலிருந்து வந்தது என்று எப்படிப் பிரிப்பது? நான் ஒரு நோட்டில் எழுதுகிறேன். முதல் முறை காட்டியபோது என்ன செய்தது, எத்தனை முறைக்குப் பிறகு அமைதியானது, ஒரு மாதம் காட்டாமலே விட்டுவிட்டுத் திரும்பக் காட்டினால் என்ன ஆகிறது. மூன்றாவதுதான் முக்கியம். ஓய்வு கொடுத்ததும் பழைய பயம் எட்டிப் பார்த்தால் அடியில் அது அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், வேறு வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகளைப் போய்ப் பாருங்கள். அவையும் அதே இடத்தில் தடுமாறினால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: இடுப்பு எக்ஸ்ரே மோசமாக வந்த லாப்ரடார் நன்றாகத்தான் ஓடுகிறது. சுத்தமான இடுப்பு உள்ள தங்கையோ சோம்பேறி. எதை வைத்துக்கொள்வது?

குட்டி எடுக்க இரண்டுமே வேண்டாம். இடுப்பில் பிறப்பும் உண்டு, தீனியும் உண்டு. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி போட்டு வாழ்நாள் முழுதும் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவற்றுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் மிகவும் குறைந்தது. நடுத்தர ஆயுளும் 1.8 வருடம் கூடியது. அதனால் உங்கள் நாயை ஒல்லியாக வைத்திருங்கள், நன்றாக ஓடட்டும். ஆனால் ஒல்லியாக வைத்ததால் ஓடுகிற நாயின் இடுப்பு, குட்டிக்குப் போகும்போது அதே பழைய இடுப்புதான்.

கேள்வி: எல்லாரும் ஒரே சாம்பியன் கடுவனைத் தேடிப் போகிறார்கள். கண்டிப்பான தேர்வு என்றால் அதுதானே?

இல்லை. இன்றைய பார்டர் கோலிகளின் பரம்பரையைப் பின்னோக்கிப் பார்த்தால் 1893-ல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற நாயிடம் போய்ச் சேரும். அதை உருவாக்கியவர் ஆடம் டெல்ஃபர். தகப்பன் ராய் எல்லாரிடமும் ஒட்டிக்கொள்ளும், ஆட்டின் மேல் கண் வைப்பது குறைவு. தாய் மெக் கூச்சக்காரி, கண்ணை எடுக்காமல் ஆட்டையே கட்டிப்போடும். இரண்டில் எதுவும் தனியாக முழுமையான நாய் இல்லை. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் என்று யோசித்துச் சேர்த்த ஜோடி அது. கோப்பையை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஜோடி அமைந்திருக்காது.

எல்லாரும் ஒரே கடுவனிடம் போனால் அடுத்த தலைமுறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுவிட்ட சொந்தம்தான். ஒரே தகப்பன், வேறு தாய் என்ற இரண்டை இணைத்தால் குட்டிக்கு உள்ளினச் சேர்க்கை அளவு, அதாவது தாய் வழியும் தகப்பன் வழியும் ஒரே முன்னோரின் மரபணுவே வந்து சேரும் வாய்ப்பு, 12.5 சதவீதம், முழு உடன்பிறப்பென்றால் 25. கோலிகளின் பரம்பரைக் கண் நோய் மாதிரி ஒளிந்திருக்கும் குறைகள் வெளியே வருவது அப்படித்தான். கண்டிப்பு என்றால் மோசமானதை விலக்குவது. மீதி அத்தனையையும் தள்ளிவிட்டு ஒன்றையே பிடித்துக்கொள்வது இல்லை.

கேள்வி: தாய் நாய் குட்டிகளை எவ்வளவு பார்த்துக்கொள்கிறதோ அவ்வளவு நல்லதா?

அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் பார்வையற்றவர்களுக்கான வழிகாட்டி நாய்க் குட்டிகள் 98-ஐ வைத்து நடந்த ஆய்வு 2017-ல் வந்தது. தாய் படுத்துக்கொண்டு, குட்டிக்குச் சுலபமாகப் பால் கொடுத்த ஈற்றுகளைவிட, நின்றபடி கொடுத்து, குட்டி எக்கி எக்கிக் குடித்த ஈற்றுகள் பிற்பாடு பயிற்சியில் அதிகம் தேறின. அதிலிருந்து என் பெட்டைகள் எப்படிப் பால் கொடுக்கின்றன என்பதையும் எழுதி வைக்கிறேன்.

கேள்வி: இனவிருத்தியிலிருந்து விலக்கிய நாய்களை என்ன செய்வீர்கள்? கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

கேட்டது நல்லதுதான் அம்மா. முன்பெல்லாம் “கழித்தோம்” என்றால் கொன்றுவிட்டார்கள் என்றுதான் பல இடங்களில் அர்த்தம். என்னைப் பொறுத்தவரை கழிப்பது என்றால் கருத்தடை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தம்பி சொன்ன “மோசமான நாய் இல்லை” என்ற பேச்சு இங்கே முழுக்க உண்மை. மேலே சொன்ன அந்தக் கடுவன், கருத்தடைக்குப் பிறகு 6 வருடம் தேடுதல் வேலை செய்தது. வலைக்குப் பயந்த அதன் குட்டிகள் நான்கில் மூன்று வீட்டு நாய்களாகச் சுகமாக இருந்தன. நான்காவதைத் திரும்ப என்னிடமே வாங்கிக்கொண்டேன். குட்டி கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்: எந்த வயதில், எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்றாலும் நாய் என்னிடம்தான் வரவேண்டும். திரும்ப வரும் நாய்க்கு இடம் இல்லாத வருடம் ஈற்று எடுப்பதில்லை.

கேள்வி: கடைசியாக ஒன்று. குட்டி எடுக்கலாம் என்று எந்த வயதில் முடிவு செய்வீர்கள்?

பெட்டைக்கு 3 வயதுக்கு முன்னால் இல்லை. 2 வயதில் இடுப்பு எக்ஸ்ரே, அப்புறம் ஒரு வருடமாவது முழு வேலை, அந்த நோட்டில் மூன்று பத்திகளும் நிறைந்திருக்க வேண்டும். கடுவனுக்கு அவசரமே இல்லை, 5 வயது வரைகூடக் காத்திருப்பேன். இந்த வருடம் ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தது. 2 வயது 8 மாதம், பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. அதன் உடன்பிறப்பு இரண்டை இன்னும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. விட்டுவிட்டேன், அடுத்த பருவத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்.