மீன் பார்க்கப் போகச் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: வணக்கமுங்க ஐயா. பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறு விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறோம். தறி ஓட்டுவது வீட்டுக்காரரும் ஓர் ஆளும், கணக்கு வழக்கு என் பொறுப்பு. மகளுக்கு 11 வயது. மகனுக்கு ஆகஸ்டில் 5 முடிகிறது. மகளோடு படிக்கும் பெண் சென்னையில் கண்ணாடிக் குகைக்குள் நடந்து போய், தலைக்கு மேலே சுறா நீந்துவதை வீடியோ எடுத்து வந்து காட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். மே மாதம் போகலாம் என்று வீட்டுக்காரர் ஒரு டிராவல்ஸில் விசாரித்தார். மாமியாரையும் சேர்த்து ஐந்து பேருக்குக் கார், மூன்று இரவு தங்கல், நுழைவுச் சீட்டு எல்லாம் உட்பட 58,000 ரூபாய். இந்த மாதமே முழுப் பணமும் கட்டினால்தான் இந்த விலையாம். கிரெடிட் கார்டில் 12 மாதத் தவணை போட்டுக்கொள்ளலாம் என்கிறார். எனக்குக் கடன் என்றாலே பிடிக்காது. ஊருக்குள் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு கட்டி வருகிறேன். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. இந்த ஜனவரியில் ஆறாவது சீட்டு. ஜூனில் மகளை ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்க்க அதை எடுப்பதாக இருந்தேன். இப்போது எடுத்தால் ஏலத்தில் 22,000 தள்ள (விட்டுக்கொடுக்க) வேண்டும், கைக்கு 78,000 வரும். அது நம் பணம்தானே, எடுத்துவிடலாமா? மாமியாருக்கு 66 வயது, முட்டிவலி வேறு. அவரைக் கூட்டிப்போவதா என்றும் குழப்பமாக இருக்கிறதுங்க.

பதில்: வணக்கமுங்க. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், போய் வாருங்கள். நிதி ஆலோசகரிடம் கேட்டால் "எதற்கு வீண் செலவு" என்றுதான் பதில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். 11 வயதில் சுறாவைப் பார்க்க ஆசைப்படும் பெண்ணுக்கு 16 வயதில் அந்த ஆசை இருக்குமா தெரியாது. செலவு செய்ய வேண்டிய ஆசைதான். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதில்தான் எனக்குப் பேச்சு.

சீட்டில் இருந்து ஆரம்பிப்போம். "நம் பணம்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து சீட்டு கட்டியிருக்கிறீர்கள், அதாவது 25,000 ரூபாய்க்குள். கைக்கு வரப்போகும் 78,000ல் மீதி 50,000க்கு மேற்பட்டது மற்றவர்கள் பணம். அதை அடுத்த ஆண்டு மார்ச் வரை மாதாமாதம் கட்டித் தீர்க்கப் போவது நீங்கள். பெயர் சீட்டு என்றாலும் முன்னால் எடுப்பவருக்கு அது கடன்தான். கடன் பிடிக்காது என்கிறவர் இதை யோசிக்க வேண்டும்.

அந்தக் கடனுக்கு வட்டி என்ன? இப்போது எடுத்தால் 22,000 தள்ளு. ஜூனில் பதினோராவது சீட்டு. பாதி பேர் எடுத்து முடித்திருப்பார்கள், கேட்கும் வேகம் குறைந்திருக்கும். தள்ளு 12,000 அளவில் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு 88,000. ஐந்து மாதம் பொறுக்காததற்கு நீங்கள் கொடுக்கும் விலை 10,000. மாதம் 2,000 என்று பிரித்தால், 78,000 ரூபாய்க்கு இரண்டரை வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் இரண்டரை ரூபாய்) சற்று மேலேயே வருகிறது. ஊரில் யாராவது இரண்டரை வட்டிக்குக் கடன் வாங்கி மீன் பார்க்கப் போனால் நீங்களே என்ன சொல்லுவீர்கள்? போதாததற்கு ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அப்போது நகை அடகுக் கடைக்குப் போகும். ஆகவே சீட்டைத் தொட வேண்டாம், அது மகளின் ஆறாம் வகுப்புப் பணம்.

இடையில் ஒன்று. ஊருக்குள் நம்பிக்கையின் பேரில் நடக்கும் சீட்டு என்று எழுதியதால் கேட்கிறேன், சீட்டுப் பிடிப்பவர், அதாவது நடத்துபவர், அதைப் பதிவு செய்திருக்கிறாரா? 1982ஆம் ஆண்டுச் சிட் பண்ட் சட்டப்படி பதிவில்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. நல்ல மனிதர்கள் நடத்திய பதிவில்லாத சீட்டுகளும் தறி நின்ற காலத்தில் நடுவில் நின்றிருக்கின்றன. இதை முடித்துவிட்டு அடுத்ததைப் பதிவான இடத்தில் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன தவணை இதைவிட மலிவுதான், அதை மறைக்கத் தேவையில்லை. 58,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 16 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் மாதத் தவணை 5,263. ஒரு வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 5,150. வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, நடைமுறைக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஆறாயிரத்தைத் தாண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தறிக்காரர் வீட்டு வரவு மாதச் சம்பளம் மாதிரி வராது என்பதுதான் எனக்குப் பயம். நூல் விலை ஏறி, பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) வராமல், வாரக்கணக்கில் தறி நின்றால் சீட்டுக்கு 5,000, தவணைக்கு 5,263, இரண்டையும் எதை வைத்துக் கட்டுவீர்கள்? கார்டில் ஒரு மாதம் தவறினால் பல வங்கிகளில் மாதம் மூன்றரை சதவீதம் வரை வட்டி ஏறும். ஆண்டுக்கு 42 சதவீதம். மே மாதம் பார்த்த மீனுக்கு அடுத்த பொங்கலுக்கும் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, அந்த 58,000 எதற்கு? மகள் பார்த்த வீடியோ அநேகமாக கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) இஞ்சம்பாக்கத்தில் 2019ல் திறந்த விஜிபி மரைன் கிங்டமாக இருக்கும். (கண்ணாடிக் குகை என்று அவள் சொல்வது அக்ரிலிக். அவ்வளவு தடிமனில் சாதாரணக் கண்ணாடி என்றால் பச்சையடித்துத் தெரியும்.) அதை நிதானமாகச் சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம், பையன் நண்டைப் பார்த்து நகர மாட்டேன் என்று அடம்பிடித்தால் மூன்று மணி நேரம். மூன்று மணி நேர வேலைக்கு மூன்று இரவு லாட்ஜும் நாலு நாள் காரும் எதற்கு? நீங்கள் கட்டும் பணத்தில் பெரும்பங்கு மீனுக்குப் போகவில்லை, காருக்கும் லாட்ஜுக்கும் போகிறது. மேலும் மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே முழுப் பணமும் வாங்குகிறவரிடம், பயணம் ரத்தானால் எவ்வளவு திருப்பித் தருவார் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நீங்களே ஏற்பாடு செய்தால் எப்படி வரும் என்று பார்த்தேன். திருப்பூரில் இரவு சேரன் ரயிலோ நீலகிரி ரயிலோ ஏறினால் விடியும்போது சென்ட்ரல். ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் பகல், அன்று இரவே திரும்ப ரயில். ஸ்லீப்பரில் ஆளுக்கு 350 ரூபாய்க்குள் முடியும். நான்கு படுக்கை, போக வர 2,800. தேர்டு ஏசி என்றால் இரண்டரை மடங்கு ஆகும், அது உங்கள் விருப்பம். காலையில் முகம் கழுவி மூட்டையை வைக்கவும் இரவு தங்கவும் ஓர் அறை, கூடுதல் படுக்கையோடு 3,500. சாப்பாடு இரண்டு நாளைக்கு 5,000. ஆட்டோ, டாக்சிக்கு 3,500. இஞ்சம்பாக்கம் சென்ட்ரலில் இருந்து கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர். பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் இதில் பாதி மிச்சம். நுழைவுக் கட்டணத்துக்கு 4,500 ஒதுக்குங்கள். சனி, ஞாயிறை விட வேலை நாளில் கூட்டமும் குறைவு, பல இடங்களில் கட்டணமும் குறைவு. பக்கத்திலேயே கேளிக்கைப் பூங்கா, பனி உலகம் எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்று ஆசை காட்டுவார்கள். உங்கள் மகள் கேட்டது சுறா, அதோடு நிறுத்துங்கள்.

மறுநாளுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் போதும். 1851ல் தொடங்கியது, திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு இருக்கிறது, கட்டணமும் சொற்பம். வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் விடுமுறை. சாயங்காலம் மெரினா. இதற்கெல்லாம் 2,000, வெளியே வரும் வழியில் பொம்மைக் கடையில் 1,500, கைக்காவலுக்கு 2,000. மொத்தம் 24,800. டிராவல்ஸ் சொன்னதில் பாதிகூட இல்லை. எழுத மறந்துவிடும் செலவு ஒன்று உண்டு. வீட்டுக்காரர் இல்லாத இரண்டு நாளும் அந்த ஓர் ஆள் எத்தனை தறியைப் பார்க்க முடியும்? நிற்கும் தறியின் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

இந்த 25,000 எங்கிருந்து வரும்? பாதி விடை உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. இந்த மாதம் வேறு யாரோ 22,000 தள்ளி எடுப்பார்கள். பிடிப்பவர் கமிஷன் 5,000 போக 17,000 மிஞ்சும். 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 850 கழிவு. நீங்கள் 5,000க்குப் பதில் 4,150 கட்டினால் போதும். இதுவரை அந்த 850 என்ன ஆனது? மளிகையில் கரைந்திருக்கும். இனி மனதளவில் முழு 5,000 கட்டுவதாக வைத்துக்கொண்டு, கழிவுப் பணத்தைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். போகப்போகத் தள்ளு குறைந்து கழிவும் குறையும். மாதம் சராசரி 550 என்றாலும் செப்டம்பர் வரை ஒன்பது மாதத்தில் ஐந்தாயிரம் சேரும். ஐந்து பேருக்கும் மீன் டிக்கெட் அதில் முடிந்தது, அவசரத்தில் தள்ளி எடுத்தவர்கள் தயவில்!

மீதி 20,000க்கு, சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் 600 ரூபாய். 34 வாரத்தில் 20,400. தறி நின்ற வாரம் விட்டுவிடுங்கள், நன்றாக ஓடும் வாரம் ஆயிரமாகப் போடுங்கள். இதனால்தான் ஆர்டி (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் வைப்புக் கணக்கு) வேண்டாம் என்கிறேன். மாதம் 3,000 வீதம் எட்டு மாதம் ஆறரை சதவீதத்தில் போட்டாலும் வட்டி 600 ரூபாயைத் தொடாது. தபால் ஆபீஸ் ஆர்டி ஐந்து வருடக் கணக்கு, இதற்குச் சரிப்படாது. தீபாவளி பண்டும் வேண்டாம், அது பட்டாசும் இனிப்புமாகத்தான் திரும்பி வரும்.

ஆக, மே மாதத்தை விட்டுக் காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குத் தள்ளிப் போடுங்கள். மே மாதச் சென்னை வெயிலில் 66 வயதுக்காரரையும் சின்னப் பையனையும் அலைக்கழிப்பது தேவையில்லாத வேலை. ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களில் ரயிலில் இடம் கிடைக்காது, தறிக்கும் பூஜை போட வேண்டும், அதனால் அந்த வாரத்தைத் தவிருங்கள். ஆகஸ்டில் பையனுக்கு 5 முடிவதால் மே மாதம் இலவசமாகப் போக வேண்டியவனுக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் படுக்கையிலேயே படுத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு 200 ரூபாய்க்குள்தான். அதற்குப் பயந்து மே மாதம் ஓட வேண்டாம். மகளுக்குப் படுக்கை தேவை, அதனால் முழுக் கட்டணம்தான்.

மாமியாரைக் கூட்டிப் போங்கள். அவரால் ஆகும் கூடுதல் செலவு ரயில், நுழைவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டாது. அவரை ஊரில் விட்டால், துணைக்கு யாரை வைப்பது என்ற பேச்சு அதைவிடப் பெரிதாகும். அருங்காட்சியகத்தில் நடை அதிகம், அன்று காலை அவர் அறையிலேயே இருக்கட்டும். மூத்தோருக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, அதை எதிர்பார்க்க வேண்டாம். கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இன்னும் இருக்கிறது, ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதில் இருந்து. ஆனால் ஒரே டிக்கெட்டில் குடும்பம் முழுவதையும் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் எடுக்க முடியாது. அவருக்கு மட்டும் தனி டிக்கெட் எடுங்கள், மற்றவர்களுக்கு இன்னொன்று. பெட்டி மாறி விழுந்தால் வீட்டுக்காரர் இடம் மாற்றிக் கேட்டுக்கொள்ளட்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். ஜூலைக் கடைசியில் நாளைக் குறித்து வைத்து, போவதற்கும் வருவதற்கும் தனித்தனியாக அந்தந்தத் தேதிக்கு உட்காருங்கள்.