மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?

வாசகர் கேள்வி பதில் – இந்த இதழில்: காரிலும் டூ-வீலரிலும் குழந்தைகள்

எங்கள் மகளுக்கு எட்டு மாதம். மாதம் ஒருமுறை மாமியார் வீட்டுக்குக் காரில் போய் வருகிறோம். குழந்தையை வார் போட்டு உட்கார வைக்கும் தனிக் கார் சீட் வாங்கலாம் என்றால், "நாங்க எல்லாம் மடியில வச்சுத்தான் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனோம், அவங்க வளரலையா" என்கிறார் அத்தை. அவரிடம் என்ன சொல்வது? – ஒரு வாசகி, ஈரோடு

உங்கள் அத்தை அன்பினால்தான் சொல்கிறார், அதனால் அவரோடு சண்டை போடாதீர்கள். ஒரு கணக்கை மட்டும் சொல்லுங்கள். வண்டி 50 கி.மீ. வேகத்தில் போய் எதன் மீதாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், எட்டுக் கிலோ குழந்தை நூறு கிலோவுக்கும் மேலான விசையோடு முன்னால் பாயும். 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கைச் சேர்த்துக் கட்டி மடியில் வைத்தது போல. எந்தக் கையாலும் அதைப் பிடிக்க முடியாது, தாயின் கையாலும் முடியாது. நம் நாற்கரச் சாலைகளில் 50-ல் யார் போகிறார்கள்? வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அது மடியில் வைப்பதைவிட மோசம். அம்மா பெல்ட் போடும்போது குழந்தையையும் அதற்குள் சேர்த்து மாட்டிக்கொள்வது. மோதும்போது அம்மாவின் மொத்த எடையும் பின்னாலிருந்து குழந்தையைப் பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்த அறிவு இல்லை. என் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது, பிரேக் அடித்தேன், மோதல்கூட இல்லை, வெறும் பிரேக்தான். பின் சீட்டில் பாட்டி மடியில் இருந்தவன் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் வந்து கியர் மேல் விழுந்தான். உதடு கிழிந்து மூன்று தையல். பாட்டி அவனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனாலும் கை நழுவியதே அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வண்டியில் மடிப் பயணம் கிடையாது.

உங்கள் மகளுக்கு வேண்டியது பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட். அதாவது குழந்தையின் முகம் காரின் பின் கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்து எலும்புகள் இன்னும் இறுகவில்லை. முன்னே பார்த்து உட்கார்ந்திருந்தால் மோதும்போது உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே இழுக்கும், எல்லாப் பாரமும் கழுத்தில் விழும். பின்னே பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே சேர்த்துத் தாங்கிக்கொள்கிறது. ஐரோப்பாவின் புதிய தரவிதியில் குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் உட்கார வைக்க வேண்டும், சீட் இடம் கொடுக்கும்வரை அதற்குப் பிறகும் தொடர்வது இன்னும் நல்லது. கார் சீட்டில் இருக்கும் கைக்குழந்தைகளின் சாவு 71 சதவீதம் வரை குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

முதல் சில நாள் அழுவாள். பத்து நிமிடத் தூரங்களில் பழக்குங்கள். அப்புறம் அத்தையைப் பக்கத்து சீட்டில், அவரும் பெல்ட் போட்டு, உட்கார வையுங்கள், பேத்தியின் கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும், பாட்டுப் பாடட்டும். பேத்தியைத் தன்னிடமிருந்து பிரிக்கிறார்கள் என்பதுதான் பல பாட்டிகளின் உண்மையான வருத்தம், அது தீர்ந்தால் பாதி வாக்குவாதம் முடிந்துவிடும். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுங்கள்.

சட்டம் இருக்கிறதா இல்லையா? எந்தப் போலீஸும் கேட்டதில்லையே. – ஒரு வாசகர், திருநெல்வேலி

இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு. 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைகளுக்கான தடுப்பு சீட்டோ இல்லாமல் காரில் ஏற்றிப் போனால் 1,000 ரூபாய் அபராதம். ஓட்டுபவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட அனுமதிப்பவரும் இதில் வருகிறார்.

ஆனால் அந்தப் பிரிவில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக நான் நினைக்கிறேன். "பெல்ட் அல்லது சீட்" என்று சொல்லிவிட்டு, எந்த உயரத்துக்கு எது என்று அந்தப் பிரிவு பிரித்துச் சொல்லவில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டு சட்டப்படி சரி என்று ஒருவர் வாதாட முடியும், குழந்தையின் உடம்பு அந்த வாதத்தைக் கேட்காது. சிங்கப்பூரில் 1.35 மீட்டர் என்று உயரத்தை வைத்தே விதி போட்டிருக்கிறார்கள், அதற்குக் குறைவான குழந்தைக்கு சீட்டோ, பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கையோ வேண்டும். இங்கும் அப்படி வர வேண்டும். அதுவரை போலீஸ் கேட்கிறாரா என்று பார்க்காமல், பிள்ளையின் உயரத்தை அளந்து பாருங்கள்.

மகனுக்கு ஆறு வயது. கார் பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று கையை வெளியே எடுத்து முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுகிறான். தலையணை வைத்து உயர்த்தலாமா? – ஒரு வாசகர், சென்னை

தலையணை வேண்டாம். அது அமுங்கும், வழுக்கும், பையன் பெல்ட்டுக்கு அடியில் நழுவிப் போவான்.

அவன் குறும்பு செய்யவில்லை, பெல்ட் உண்மையிலேயே அவனுக்குப் பொருந்தவில்லை. வளர்ந்த ஆளை மனதில் வைத்துச் செய்த பெல்ட் அது. கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பு எலும்பில், தொடையை ஒட்டிப் படிய வேண்டும். மேல்பட்டை கழுத்தை உரசாமல் தோளின் நடுவில், நெஞ்சின் குறுக்கே போக வேண்டும். வயிற்றின் மேல் பெல்ட் இருந்தால் மோதலில் குடலும் கல்லீரலும் அடிபடும், மேல்பட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் மேல் உடம்பு அப்படியே முன்னால் மடங்கித் தலை முட்டியில் இடிக்கும். பூஸ்டர் செய்வது ஒரே வேலைதான், பிள்ளையை உயர்த்தி அந்தப் பெல்ட்டைச் சரியான இடத்தில் விழ வைப்பது.

சுமார் 15 கிலோவுக்கு மேல் பூஸ்டருக்கு மாறலாம், இரு தோள், இரு இடுப்பு, கால் நடுவே என ஐந்து முனையில் பிடிக்கும் வார் உள்ள சீட் இன்னும் பொருந்தினால் அதிலேயே இருக்கட்டும், மாற்ற அவசரம் வேண்டாம். முதுகு வைத்த பூஸ்டரையே வாங்குங்கள், தூங்கும்போது தலை பக்கவாட்டில் சாயாது. மூன்று முனை பெல்ட் உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும், பழைய கார்களில் நடு சீட்டில் இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும், அங்கே கூடாது. எப்போது நிறுத்துவது? முதுகு சீட்டில் ஒட்டியபடி உட்கார்ந்து முட்டி சீட் விளிம்பில் மடங்க வேண்டும், பெல்ட் நான் சொன்ன இடங்களில் விழ வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது 145 செ.மீ. வாக்கில்தான் அமையும்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் தன் மகனின் பழைய கார் சீட்டைக் கொடுத்தனுப்புகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

மூன்று விஷயம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த சீட் இருந்த கார் விபத்தில் சிக்கியதா? சிக்கியிருந்தால் வேண்டாம், வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம். காலாவதித் தேதி முடிந்துவிட்டதா? சீட்டின் அடியிலோ பின்னாலோ பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருக்கும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்கக் கார்களில் பெல்ட்டை முழுவதும் இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொண்டு மறுபடி தளராது, அந்த வசதியை நம்பித்தான் அங்கே பல சீட்டுகளைக் கட்டுகிறார்கள். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் பெல்ட் வெடுக்கென்று இழுத்தால் மட்டுமே பிடிக்கும், சாதாரணமாகத் தளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அந்த சீட் நன்றாகக் கட்டியது போலத் தெரிந்துவிட்டு, போகும் வழியில் ஆட ஆரம்பிக்கும். உங்கள் காரின் பின் சீட் மடிப்புக்குள் விரலை விட்டுப் பாருங்கள், இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்பட்டால் அதுதான் ஐசோஃபிக்ஸ். அமெரிக்க சீட்டின் கொக்கிகளை அதில் மாட்டிக்கொள்ளலாம், எவ்வளவு எடை வரை என்று அந்த சீட்டிலேயே எழுதியிருக்கும். கம்பி இல்லை என்றால், இங்கேயே இந்தியத் தர முத்திரையான ஏஐஎஸ் 072 அல்லது ஐரோப்பிய ஈசிஈ முத்திரை உள்ள சீட்டை வாங்குங்கள். எதை வாங்கினாலும் மாட்டிய பிறகு அடிப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.

முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று நான்கு வயது மகள் அடம் பிடிக்கிறாள். – ஒரு வாசகர், சேலம்

பின் சீட்தான். அதில் பேச்சுவார்த்தை வேண்டாம். முன்னால் உள்ள ஏர்பேக் வளர்ந்தவரின் நெஞ்சைக் கணக்கிட்டு வெடித்து விரிவது, அவளுக்கு அது முகத்துக்கு நேராக வரும். பின்னே பார்த்த சீட்டை ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் வைத்தால் குழந்தையின் உயிரே போய்விடும், வெயில் மறைப்பில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படம் அதற்காகத்தான். இதோடு, சன்ரூஃபில் பிள்ளைகளை நிற்க வைத்துக் கையசைக்க விடுபவர்களும் இதைப் படித்தால், இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

எங்களிடம் கார் இல்லை, ஸ்கூட்டர்தான். மகனுக்கு மூன்று வயது, முன்னால் நிற்க வைத்து அழைத்துப் போகிறேன். – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

நம் ஊரில் பெரும்பாலான குழந்தைகள் போவது இப்படித்தான். முன்னால் நிற்பவன் மோதலில் முதலில் அடிபடுகிறான், ஹேண்டில்பார் அவன் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. கூடவே தூங்கிவிட்டால் பிடி தளரும்.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு இதற்கென்று விதி கொண்டு வந்து, ஒரு வருடம் கழித்து அமலாக்கியது. நான்கு வயதுக்குக் குறைவான குழந்தைக்குப் பாதுகாப்பு வார் கட்டாயம். சின்னச் சட்டை போலக் குழந்தைக்கு மாட்டி, அதன் பட்டைகளை ஓட்டுபவர் தன் தோளில் மாட்டிக்கொள்வது, 30 கிலோ வரை தாங்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் தலைக்கு அளவான ஹெல்மெட்டும் வேண்டும், தரமுள்ள சைக்கிள் ஹெல்மெட்டும் ஏற்கப்படும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. நான்கு வயது தாண்டினால் பெரியவர்களைப் போல ஹெல்மெட் கட்டாயம். அப்பா, அம்மா, பிள்ளை என மூவராகப் போகச் சட்டத்தில் இடமில்லை, கேரளா 2023-ல் குழந்தைகளுக்காக விலக்குக் கேட்டு மத்திய அரசு மறுத்துவிட்டது.

அந்த வார் வீழ்ச்சியைத் தடுக்கும், லாரி இடித்தால் காப்பாற்றாது. அதனால் மகனைப் பின்னால் உட்கார வைத்து வாரை மாட்டி, ஹெல்மெட்டின் தாடைப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கி, பள்ளிக்குப் பெரிய சாலையைத் தவிர்த்துத் தெரு வழியாகவே போங்கள், ஐந்து நிமிடம் கூடுதலானாலும்.